ஈரம் காத்த பானை

வானம் பார்த்த பூமியில் வாழ்கிறவர்களுக்கு விளைவிப்பதைவிட வைத்துக் காப்பதே பெரிய கலை. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வரை நீளும் கரிசல் காட்டில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குண்டாற்றில் தண்ணீர் ஓடும் நாள்கள் சில. ஓடாத நாள்கள் பல. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி விதைத்து எடுத்த கம்பும் சோளமும் மல்லியும் மிளகாயும் அடுத்த மழை வரை கெடாமல் இருந்தாக வேண்டும். ஆகவேதான் எங்கள் பக்கத்து வீடுகளில் ஆள் உயரக் குலுக்கைகள் நின்றன. புளியைக் கொட்டை நீக்கி உப்புச் சேர்த்துப் பானையில் அழுத்தி வைத்தார்கள். கருப்பட்டியை அடுப்புப் புகை படும் பரணில் ஏற்றினார்கள். புது அரிசி குழையும், பழைய அரிசிதான் வயிற்றுக்கு நல்லது என்று சொல்லி மூட்டையை ஒரு வருடம் தொடாமல் வைத்த வீடுகளும் உண்டு.

இந்த வரிசையில் சுருட்டுக்கும் ஓர் இடம் உண்டு என்று நான் சொன்னால் வாசகர்கள் முகம் சுளிக்கக்கூடும். சுருட்டைப் புகழ்வதற்காக நான் இதை எழுதவில்லை. சுருட்டை எவ்வளவு காலம் வைத்திருந்து குடிக்க வேண்டும் என்ற ஒரு சிறு கேள்வியை என் பெரியப்பா எட்டு ஆண்டுகளுக்கு மேலாக விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தக் கேள்வி அவரை எங்கெங்கோ கொண்டுபோய் விட்டது. அதைச் சொல்லவே எழுதுகிறேன்.

முதலில் சுருட்டைப் பற்றிச் சில செய்திகள். புகையிலை நம் மண்ணின் பயிர் அன்று. அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசியர் வழியாக வந்தது. ஆனால் அதைச் சுருட்டிக் குடிக்கும் பண்டத்துக்கு ஆங்கிலேயர் வைத்துக்கொண்ட 'செரூட்' என்ற பெயரும், போர்த்துக்கீசியரின் 'சருட்டோ' என்ற பெயரும் நம் 'சுருட்டு' என்ற சொல்லிலிருந்து பிறந்தவை. இலை அவர்கள் தந்தது. சொல் நாம் கொடுத்தது. திண்டுக்கல் வட்டாரத்து இலையும் உறையூர்க் கைகளின் திறமும் சேர்ந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில் 'திருச்சிராப்பள்ளிச் சுருட்டு' இலண்டன் வரை போயிற்று. ஸ்பென்சர் நிறுவனம் திண்டுக்கல்லில் சுருட்டுத் தொழிற்சாலையே நடத்தியது. ஆர்தர் கானன் டாயில் எழுதி 1887இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில், தரையில் கிடந்த சாம்பலைப் பார்த்தே கொலையாளி குடித்தது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று துப்பறிவாளர் சொல்லிவிடுகிறார். ஈழத்தில் யாழ்ப்பாணச் சுருட்டுக்குத் தனிப் புகழ். தெற்கே சிங்கள ஊர்களில் யாழ்ப்பாணத்தார் நடத்திய மளிகைக் கடைகளுக்கே 'சுருட்டுக்கடை' என்ற பெயர் நிலைத்துவிட்டது.

திருச்சபைக்கும் இதில் ஒரு பழைய கதை உண்டு. செவில் மறைமாவட்டத்தில் கோவில்களுக்குள்ளேயே புகையிலை பயன்படுத்தப்படுவதாகப் புகார் எழுந்தது. திருத்தந்தை எட்டாம் உர்பான் 1642இல் அதற்குத் தடை விதித்து, மீறுவோரைத் திருச்சபையினின்று விலக்குவதாக அறிவித்தார். 1725இல் திருத்தந்தை பதின்மூன்றாம் பெனடிக்ட் அந்தத் தடையை நீக்கினார். வத்திக்கானுக்குள் சிகரெட் விற்பனையைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2018 முதல் நிறுத்தினார். மூக்குப்பொடி டப்பியை அங்கியின் பையில் வைத்திருந்த முதிய குருக்கள் சிலரை நானே கண்டிருக்கிறேன். அவர்களைக் குறை சொல்ல இங்கு இடமில்லை.

என் பெரியப்பா அருப்புக்கோட்டைக்காரர். நூற்பாலை ஒன்றில் முப்பத்தொரு ஆண்டுகள் வேலை பார்த்தார். நூல் நூற்பதோ நெய்வதோ அவர் வேலை அன்று. காற்றில் ஈரத்தைக் காப்பது அவர் வேலை. வெளியாள் யாருக்கும் இப்படி ஒரு வேலை இருப்பதே தெரியாது. பருத்தி நூல் ஈரத்தில் வலுப்பெறும். வறண்ட காற்றில் அறுந்து அறுந்து விழும். நூற்புக் கூடத்தில் ஈரப்பதம் 55 முதல் 60 விழுக்காடு வரை வேண்டும். நெசவுக் கூடத்தில் 80 விழுக்காடு. சித்திரை வெயில் 40 டிகிரியை நெருங்கும் ஊரில் இதைக் காப்பது எளிதா? சுவரில் இரண்டு வெப்பமானிகள் தொங்கும். ஒன்றின் குமிழ் உலர்ந்திருக்கும்; மற்றொன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கும். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அட்டவணையில் பார்த்துக் காற்றின் ஈரத்தைக் கணக்கிட்டு, நாள்முழுவதும் குறித்துவைக்க வேண்டும். ஓய்வு பெற்ற பின்னும் அவருக்கு அந்தக் கண் போகவில்லை. வாசலில் வந்து நின்றவுடனே "இன்னிக்கு நாப்பதுக்கு மேல இருக்காது" என்பார். வெயிலைச் சொல்கிறார் என்று நாங்கள் நினைப்போம். அவர் சொன்னது ஈரத்தை.

இரவுப் பணி முடிந்து வந்தால் நாட்டுச் சுருட்டு ஒன்று குடிப்பது அவர் வழக்கம். கடையில் கட்டாகத் தொங்கும் சுருட்டு எங்கள் ஊர்க் காற்றில் சில நாள்களிலேயே மொறமொறவென்று காய்ந்துவிடும். காய்ந்த சுருட்டு வேகமாக எரியும், புகை சூடாக வந்து நாக்கைச் சுடும், கசக்கும், மேலிலை வெடிக்கும். ஈரம் மிகுந்தாலும் தொல்லைதான். இழுத்தால் வராது, அணைந்து அணைந்து போகும், கார்த்திகை அடைமழையில் பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே வெற்றிலையை ஈரத்துணியில் சுற்றி வைப்பதுபோலச் சுருட்டையும் வெற்றிலைக்கு அருகில் வைத்திருப்பார். பெரியம்மாவுக்கு இது பிடிக்காது. வெற்றிலையெல்லாம் சுருட்டு நாற்றம் நாறுகிறது என்பார்.

2016 சனவரியில் கப்பலில் வேலை செய்யும் அவர் மகன் விடுமுறைக்கு வந்தபோது ஒரு மரப்பெட்டி கொண்டுவந்தான். தொமினிக்கன் குடியரசில் சுருட்டிய 25 சுருட்டுகள். "உடனே குடிச்சிராதீங்கப்பா. வெளிநாட்டுல ஹ்யூமிடர்னு ஒரு பெட்டியில மாசக்கணக்கா, வருசக்கணக்கா வச்சித்தான் குடிக்கிறாங்க" என்றான். "எத்தனை மாசம்?" என்று கேட்டார் பெரியப்பா. மகனுக்குச் சொல்லத் தெரியவில்லை. கேள்வி அங்கே தொடங்கிற்று.

உண்மையில் சுருட்டு இரண்டு முறை காத்திருக்கிறது. முதல் காத்திருப்பு இலையினுடையது. அறுத்து உலர்த்திய இலையைப் போராக அடுக்குவார்கள். போரின் உள்ளே தானாகவே வெப்பம் எழும், இலை நொதிக்கும். வெப்பம் மிகுந்துவிடாமல் போரைப் பிரித்து, உள்ளே இருந்ததை வெளியேயும் வெளியே இருந்ததை உள்ளேயும் மாற்றி அடுக்குவார்கள். இலையில் உள்ள புரதம் சிதைந்து அமோனியாவாக வெளியேறும், கார நெடி தணியும், நிறம் கறுக்கும். வேடசந்தூர்ப் பக்கத்து உழவர்களும் கியூபா நாட்டு உழவர்களும் செய்வது அடிப்படையில் ஒன்றே. கிணற்றில் உவர்நீர் ஊறும் வேடசந்தூர் நிலத்து இலை மெல்லும் புகையிலைக்குப் பெயர் பெற்றது. ஆனால் உப்பேறிய இலை சீராக எரியாது. ஆகவே சுருட்டுக்கு நல்ல தண்ணீர் பாய்ந்த இலையே வேண்டும். இந்த முதல் காத்திருப்பைத் தவிர்க்க முடியாது. இதில் அவசரப்பட்ட இலையைப் பின்னால் எந்தப் பெட்டியில் வைத்தாலும் திருத்த முடியாது.

இரண்டாவது காத்திருப்பு சுருட்டிய பின் வருவது. சுருட்டுவதற்காக இலையை நனைத்திருப்பார்கள். உள்ளிலை, கட்டிலை, மேலிலை ஆகிய மூன்றும் வெவ்வேறு அளவில் ஈரம் ஏந்தியிருக்கும். அவை ஒன்றுக்கொன்று சமமாக வேண்டும். எஞ்சிய நெடியும் வெளியேற வேண்டும். தொழிற்சாலையிலேயே இதற்கெனச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை தனி அறையில் வைப்பது உண்டு. பிறகு கடல் கடந்து, சூடும் குளிரும் பட்டு வந்த சுருட்டுக்கு மீண்டும் இரண்டு முதல் நான்கு வாரம் ஓய்வு வேண்டும். அதற்கு மேல் வைப்பது சுவைக்காக. காரம் மிகுந்த இலை ஐந்து ஆண்டு, பத்து ஆண்டு வைத்தாலும் மென்மையாகிக்கொண்டே போகும் என்பார்கள். மென்மையான இலை அத்தனை காலம் வைத்தால் வெறும் புகையாகிவிடும்.

ஹ்யூமிடர் என்பது வேறொன்றுமில்லை. சுமார் 70 விழுக்காடு ஈரத்தையும் 20 டிகிரியை ஒட்டிய வெப்பத்தையும் காக்கும் மூடிய பெட்டி. உள்ளே ஸ்பானியச் செடார் மரப்பலகை அடித்திருப்பார்கள். பெயர்தான் செடார். உண்மையில் அது நம் வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்த மரம். இதைச் சொன்னபோது பெரியப்பாவின் முகத்தில் தோன்றிய மகிழ்ச்சியை என்னால் எழுத முடியாது. வாசலில் நின்ற வேப்பமரத்தை, அயல்நாட்டில் உறவினர் இருப்பது இப்போதுதான் தெரிந்த ஏழைச் சொந்தக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

அவர் ஹ்யூமிடர் வாங்கவில்லை, செய்தார். பெரியம்மாவின் பெரிய ஊறுகாய் ஜாடியைக் கழுவி, வெயிலில் மூன்று நாள் வைத்து மணம் போக்கினார். ஒரு மண்பானையில் மணல் பரப்பி, ஜாடியை அதில் நிறுத்தி, சுற்றிலும் மணல் நிரப்பித் தண்ணீர் தெளித்தார். பானையின் புறச்சுவரில் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளே குளிர்ச்சி தங்கும். காற்று எவ்வளவு வறண்டதோ அவ்வளவு குளிர்ச்சி. "நம்ம ஊரு வறட்சிக்கு இது ஒண்ணுதான் லாபம்" என்றார். ஆலையில் ஈரத்துணி சுற்றிய குமிழ் காட்டிய அதே கணக்கு இது.

ஈரத்துக்கு அவர் கண்ட வழி இன்னும் எளியது. ஒரு கிண்ணத்தில் கல்லுப்பைப் போட்டுக் கஞ்சிப் பதத்துக்கு நனைத்து ஜாடியின் அடியில் வைத்தார். மூடிய இடத்தில் நனைந்த சாதாரண உப்பு, காற்றின் ஈரத்தை 75 விழுக்காட்டில் நிறுத்திவிடும். ஈரம் கூடினால் உப்பு உறிஞ்சும், குறைந்தால் விடும். இது இயற்பியல் உண்மை. ஈரமானிகளைச் சோதிப்பதற்கும் இதையே பயன்படுத்துகிறார்கள். மகன் வாங்கித் தந்த சிறு ஈரமானி அந்த ஜாடிக்குள் 71 காட்டிற்று. உப்பு பொய் சொல்லாது, முள்தான் நான்கு குறைவாகக் காட்டுகிறது என்று முடிவு செய்து, கண்ணாடியின்மேல் பென்சிலால் '+4' என்று எழுதிவிட்டார். 75 சற்று மிகுதி என்பதால் வாரம் ஒரு நாள் மூடியை ஒரு மணி நேரம் திறந்துவைப்பார்.

மற்றொரு பகை வண்டு. மல்லி மூட்டையிலும் மிளகாய் மூட்டையிலும் ஊசித் துளை போடும் அந்தச் சிறு பழுப்பு வண்டை நம் வியாபாரிகள் நன்கு அறிவர். அதற்குப் புகையிலை வண்டு என்றே பெயர். கண்ணுக்குத் தெரியாத முட்டை இலைக்குள்ளேயே வந்துவிடும்; வெப்பம் 25 டிகிரியைத் தாண்டினால் பொரிக்கும். நம் ஊரில் 25 டிகிரி என்பது மார்கழி விடியற்காலை! ஆகவே ஜாடிக்குப் போகுமுன் சுருட்டுகளைத் தாளில் பொதிந்து, குளிர்பெட்டியின் உறைபனி அறையில் மூன்று நாள் வைத்தார். அந்த மூன்று நாளும் பெரியம்மா அவரோடு பேசவில்லை.

பிறகு ஆலையில் எழுதியதுபோலவே கோடு போட்ட நோட்டு ஒன்று. நாள், ஈரம், வெப்பம், குறிப்பு. வந்த அன்று ஒன்று குடித்தார். ஒரு மாதத்தில் ஒன்று. பின்பு மூன்று, ஆறு, ஒன்பது, பன்னிரண்டாம் மாதங்களில் ஒவ்வொன்று. குறிப்புகளை நான் படித்திருக்கிறேன். முதல் நாள்: "ஒரு பக்கம் மட்டும் எரிந்தது. மூக்கில் நெடி." ஒரு மாதம்: "வட்டமாக எரிகிறது. சாம்பல் ஓர் அங்குலம் நிற்கிறது." மூன்றாம் மாதம்: "மிளகுக் காரம் பாதி." ஆறாம் மாதத்தில் நீண்ட குறிப்பு, வறுத்த கடலையின் தோல், பழைய மரப்பெட்டி என்றெல்லாம் எழுதியிருக்கிறார். அவர் அப்படி எழுதக்கூடியவர் என்பது குடும்பத்தில் எவருக்கும் தெரியாது. ஒன்பதாம் மாதம்: "மாற்றம் இல்லை." பன்னிரண்டாம் மாதம்: "காரம் போய்விட்டது. கொஞ்சம் வருத்தம்." அதன் கீழே கோடிட்டு, "இந்த இலைக்கு ஆறு மாதம் போதும்" என்று முடிவு எழுதியிருந்தார்.

ஒருவர் நாக்கை வைத்து உலகத்துச் சுருட்டுக்கெல்லாம் விதி வகுக்க முடியாதுதான். ஆயினும் ஆண்டுக் கணக்கைப் பெருமையாகப் பேசும் பலரைவிட அவர் முடிவு நேர்மையானது என்பேன். காலம் மட்டும் எதையும் பக்குவப்படுத்துவதில்லை. ஈரம் ஏறி இறங்கிக் கிடந்த சுருட்டு பத்து ஆண்டு கிடந்தாலும் பழசுதான் ஆகும். நம்மில் பலர் 'போட்டுவைப்பதை' 'வைத்திருப்பது' என்று எண்ணிக்கொள்கிறோம்.

மீதி 19 சுருட்டு. மாதம் ஒன்று குடித்து முடிப்பதாகத் திட்டம். அதற்குள், 2017 ஆகஸ்டில், பல் வலிக்காகப் போன இடத்தில் மருத்துவர் அவர் கன்னத்தின் உட்புறம் ஒரு வெண்படலத்தைக் கண்டார். மதுரைக்கு அனுப்பினார்கள். சதை எடுத்துச் சோதித்தார்கள். முடிவு வரும்வரை அந்த ஒன்பது நாள் வீடு எப்படி இருந்தது என்பதை அப்படிக் காத்திருந்தவர்கள் அறிவார்கள். புற்று இன்னும் ஆகவில்லை. ஆகக்கூடிய நிலையில் இருக்கிறது என்றார்கள். படலத்தை அகற்றினார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரச் சொன்னார்கள்.

சுருட்டுப் புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை, அதனால் தீங்கில்லை என்று அவர் அதுவரை நம்பியிருந்தார். அப்படி நம்புகிறவர்கள் இன்றும் பலர். சுருட்டுப் புகை காரத்தன்மை உடையது. அதன் நிக்கோடின் வாயின் உட்தோல் வழியாகவே உடலில் ஏறிவிடும். புற்றுநோய் விளைவிக்கும் நைட்ரோசமைன் என்னும் பொருள்கள் புகையிலையில் எப்போது உருவாகின்றன என்று மருத்துவர் அவருக்குச் சொன்னார். இலையைப் பதப்படுத்தும்போதும் நொதிக்கவைக்கும்போதும்! நெடியை வெளியேற்றுகிற அந்தக் காத்திருப்பே நஞ்சையும் விளைவிக்கிறது. எத்தனை ஆண்டு வைத்தாலும் அது ஆறிப்போவதில்லை. இதைக் கேட்டுவிட்டு வந்த அன்று பெரியப்பா நோட்டை எடுத்து, "ஆறு மாதம் போதும்" என்ற வரியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார் என்று பெரியம்மா சொன்னார்.

அன்றோடு நிறுத்திவிட்டார். ஐம்பது ஆண்டுப் பழக்கம். முதல் சில மாதங்கள் அவர் அருகில் எவரும் போகவில்லை. கோபம், தூக்கமின்மை, காரணமில்லாத சண்டை. ஆனால் ஜாடியை மட்டும் அவர் விடவில்லை. மாதம் முதல் தேதி உப்பை நனைப்பதும், மணலுக்குத் தண்ணீர் தெளிப்பதும், நோட்டில் எழுதுவதும் தொடர்ந்தன.

"குடிக்காத சுருட்டுக்கு எதுக்கு உப்பும் தண்ணியும்? தூக்கிப் போடுங்க" என்பார் பெரியம்மா. அவருக்கு அந்த ஜாடி வீட்டுக்குள் இருக்கும் பாம்பு. அவர் அச்சத்தில் நியாயம் உண்டு. பக்கத்து வீட்டார் நல்ல யோசனை ஒன்று சொன்னார்கள்: காட்டுக்குள் இருக்கும் கருப்பசாமிக்குப் படைத்துவிடலாம். "கருப்பனுக்கு நாட்டுச் சுருட்டுதான் பிடிக்கும். இது அவருக்குக் காணாது" என்று பெரியப்பா சிரித்துவிட்டார். நான் ஒருமுறை நேரடியாகக் கேட்டேன். சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஏய்யா, ஆலையில லீவு விட்ட நாள்லயும் நாங்க உள்ள போவோம். தறி நிக்கும், ஆனா அதுல நூல் ஏறியிருக்கும்ல. காயவிட்டா அறுந்துபோகும். ஓடாத தறிக்கும் ஈரம் வேணும்." இது விடையா, சாக்கா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கையெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு தொடாமல் இருப்பதை அவர் ஒரு வேலையாக ஆக்கிக்கொண்டார் என்று மட்டும் தோன்றியது. மருத்துவர்கள் இதைப் பரிந்துரைக்கமாட்டார்கள். நானும் எவருக்கும் பரிந்துரைக்கமாட்டேன்.

2019இல் மகன் வந்தான். கப்பலில் அவனும் புகைப்பவன். மூன்று ஆண்டு பதமான சுருட்டு என்று அறிந்ததும், "எனக்காவது ஒண்ணு குடுங்கப்பா" என்றான். பெரியப்பா மறுத்தார். "நீங்க குடிக்கமாட்டீங்க, மத்தவனுக்கும் தரமாட்டீங்க. நான் காசு குடுத்து வாங்கினது" என்று அவன் குரலை உயர்த்தினான். அவர் பதில் பேசாமல் நோட்டை எடுத்துவந்து அவன் முன் வைத்தார். அதே கோடு போட்ட பக்கங்கள், அதே கையெழுத்து. பன்னிரண்டாம் மாதக் குறிப்புக்குப் பின், அடுத்த பக்கத்தில், அதே நான்கு கட்டங்களுக்குள், மதுரையில் சதை எடுத்த தேதியும், படலத்தின் அளவும், ஒவ்வொரு மறுசோதனையின் முடிவும் எழுதப்பட்டிருந்தன. கடைசிக் கட்டத்தில் ஒவ்வொரு முறையும் "ஜாடி: 19" என்று இருந்தது. அவன் நின்றபடியே படித்தான். பிறகு வெளியே போனான். இரவு வெகுநேரம் கழித்தே திரும்பினான். அதன்பின் அவன் அந்தச் சுருட்டுகளைக் கேட்கவில்லை. அவன் புகைப்பதை விட்டானா என்று நாங்களும் கேட்கவில்லை.

2024 ஆகஸ்டில் நான் சென்றபோது பெரியப்பா மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்கச் சொன்னார். புகையிலை நெடி ஏறக்குறைய இல்லை. மரமும் பழைய காகிதமும் கலந்தாற்போல ஏதோ ஒன்று. மேலிலை கறுத்து, எண்ணெய் தடவியதுபோல மின்னிற்று. ஒன்றில்கூடத் துளை இல்லை. "குடிச்சா இப்ப ஒண்ணும் இருக்காது. வெறும் புகைதான்" என்றார். முள் 71ஐக் காட்டிற்று. 75 என்று எழுதினார்.

பெரியம்மாவுக்கு ஜாடி திரும்ப வேண்டும் என்ற வழக்கு மட்டும் தீராமல் இருந்தது. கடையில் இப்போது கிடைக்கும் ஜாடிகளில் ஊறுகாய் நிற்பதில்லை என்பது அவர் கட்சி. கடைசியில் மதுரை மறுசோதனைக்குப் போன ஒரு நாளில் இருவரும் புதுமண்டபப் பக்கம் அலைந்து, பழைய மாதிரியிலேயே ஒரு பெரிய ஜாடி வாங்கி வந்தார்கள். பேருந்தில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தவர் பெரியப்பா. இப்போது அதில் எலுமிச்சை ஊறுகிறது.